அடையாள அட்டைக்குக் கதவு திறக்காத நாள்

மாலை ஐந்து மணி ஷோ. நாலே முக்காலுக்கு ஸ்டூடியோ கதவில் அடையாள அட்டையைத் தேய்க்கிறார் அந்த ஆர்ஜே. கதவு திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்க்கிறார். சிவப்பு விளக்குதான் எரிகிறது. வரவேற்பில் இருக்கும் பெண் அவர் முகத்தைப் பார்க்காமலே, "அண்ணா, உங்கள ஹெச்ஆர் மேல வரச் சொன்னாங்க" என்கிறார். பத்தே நிமிடம், ஒரு தாள், ஒரு கையெழுத்து. கீழே வந்து அவர் பைக்கை எடுக்கும்போது பக்கத்து டீக்கடை ரேடியோவில் அவருடைய ஷோ ஓடிக்கொண்டிருக்கிறது. பேசுவது வேறு ஊரில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட குரல். ஏழு வருடம் தினமும் வணக்கம் சொன்ன ஊருக்குப் போய் வருகிறேன் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிரவு எனக்குப் போன் செய்தார். தென்மாவட்டத்தில் ஒரு தனியார் பண்பலையில் நான் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தபோது என்னிடம் வேலை கற்றுக்கொண்ட தம்பி. "அண்ணே, கையெழுத்துப் போட்டுட்டேனே, இனி ஒண்ணும் பண்ண முடியாதா?" என்றார். அந்தத் தாளில், 'சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்' என்று இருந்ததாம்.

பண்ண முடியும். ஆனால் எவ்வளவு முடியும் என்பது, கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் அதற்கு முன்பும் அவர் எதை எழுதிவைத்தார், எதைப் பாதுகாத்தார் என்பதைப் பொறுத்தது. பண்பலையிலும் ஆகாசவாணியிலும் மைக் முன்னால் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், ஏன் இப்படி நடக்கிறது? உள்ளூர் வானொலியின் பெரிய செலவு மனிதர்கள். ஒரு ஆர்ஜே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு ஊர்களுக்கான பேச்சைப் பதிவு செய்துவிடலாம். பாட்டையும் விளம்பரத்தையும் ஜிங்கிளையும் கம்ப்யூட்டர் அடுக்கிக்கொள்ளும். 'வாய்ஸ் டிராக்', 'நெட்வொர்க் ஷோ' என்று இதற்குப் பெயர். ஒரு நிறுவனத்திடம் நிலையங்கள் பெருகப் பெருக, ஊருக்கு ஒரு குரல் எதற்கு என்ற கேள்வி கணக்குப் பிரிவிலிருந்து எழும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதும் ஒரு நிறுவனம் இத்தனை வானொலிகள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. அதுவரை வரம்பு 40. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. 2002 ஜனவரி 18 அதிகாலை, வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகர் அருகே சரக்கு ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு ஊருக்குள் பரவியது. அந்த ஊரின் ஆறு வணிக வானொலிகளும் கிளியர் சேனலுடையவை. மக்களை எச்சரிக்கச் சொல்ல வானொலி நிலையத்தைத் தொடர்புகொள்ள முயன்ற காவல்துறைக்கு ஆள் கிடைக்கவில்லை. அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரியாக இயக்காதது யார் தவறு என்று இரு தரப்பும் பின்னால் வாதிட்டன. ஒருவர் இறந்தார். வேலைப் பாதுகாப்பு என்றால் ஆர்ஜேயின் வீட்டுக் கடன் பிரச்சினை மட்டும் என்று நினைக்கும் நேயர்கள் இந்த இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். இப்படி வாங்கிச் சேர்த்ததற்கும் ஒரு விலை இருந்தது. ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம், சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு 2018 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. திவால் நடவடிக்கையிலிருந்து மீண்டு, 2020 ஜனவரியில் ஊர் ஊராக அறிவிப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பியது.

இந்தியாவில் வரம்பு இருக்கிறது. 2011இன் மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கைப்படி ஒரு நகரில் உள்ள அலைவரிசைகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனம் வைத்திருக்கக் கூடாது. நாடு முழுவதும் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. நகர வரம்பு நல்ல விதிதான். ஆனால் அது எண்ணுவது உரிமையாளர்களை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசும் ஆளை அல்ல. ஒரு நிறுவனம் தன் நிலையங்களை இணைத்து ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்கு அனுப்ப அதே கொள்கைதான் வழிவிட்டது. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தயாரிக்கவும் அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்தது. செய்தி இருந்தால் ஊருக்கு ஒரு நிருபராவது தேவைப்படுவார். செய்தி இல்லாத வானொலியில் ஆளைக் குறைப்பது சுலபம். பலரும் பேசாத காரணம் இது.

இனி அந்தத் தம்பியின் தாள்களுக்கு வருவோம்.

அவரிடம் வேலை நியமனக் கடிதம் இல்லை. வருடா வருடம் புதுப்பிக்கும் 'ஆலோசகர் ஒப்பந்தம்' இருந்தது. மாதப் பணத்தில் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் வரி பிடித்தார்கள். வைப்பு நிதி இல்லை. நான் ஆலோசகர்தானே, ஊழியர் இல்லையே என்பதுதான் அவருக்கு இருந்த முதல் பயம். பலருக்கும் அதே பயம். ஆனால் தாளில் எழுதிய பெயர் மட்டும் முடிவுசெய்வதில்லை. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்துவது யார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று தாரங்கதாரா கெமிக்கல் வழக்கில் 1956லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முகமூடியை விலக்கி, பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னது 1978இன் ஹுசைன்பாய் வழக்கு. தினமும் குறித்த நேரத்துக்கு வர வேண்டும், வேறு வானொலியில் பேசக் கூடாது, விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டும், எந்தப் பாட்டுக்கு முன்னால் எத்தனை நொடி பேச வேண்டும் என்பதையும் நிலையமே சொல்லும் என்றால், அவரை ஆலோசகர் என்று அழைப்பது பெயரளவில்தான்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பாரத் பவன் அறக்கட்டளை வழக்கில், நாடகக் கலைஞர்கள் தொழில் தகராறு சட்டத்தின்படி 'தொழிலாளர்' ஆகமாட்டார்கள் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படைப்பு வேலை வேறு, உழைப்பு வேறு என்பது அதன் சாரம். ஆர்ஜே வழக்குக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் உங்கள் அன்றாட வேலையில் இருக்கிறது. இன்றைய ஆர்ஜே பேசுவதோடு நிற்பதில்லை. கான்சோலை அவரே இயக்குகிறார், பேச்சை அவரே வெட்டி ஒட்டுகிறார், புரோமோ செய்கிறார், விளம்பர வரிசையைச் சரிபார்க்கிறார், சமூக ஊடகத்துக்கு ரீல் எடுக்கிறார். இவை தொழில்நுட்ப வேலை, இயக்கும் வேலை. முதன்மையான வேலை எது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஆகவே அந்த வேலைகளைச் சொல்லி வந்த மெயில், வாட்ஸ்அப் உத்தரவு, ஷிப்ட் அட்டவணை எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு மாற்றி வையுங்கள். நிறுவன மெயில் வேலை போகும் அன்றைக்கே மூடப்படும். நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளில் கை வைக்க வேண்டாம். உங்கள் வேலைக்கான சான்று போதும்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்குக் கூடுதலாக இரண்டு கதவுகள் உண்டு. இவற்றை மறந்துவிட்டுப் பலர் நேராகப் பெரிய வழக்குக்குப் போகிறார்கள். ஒன்று, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்த எவரையும் நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்கக் கூடாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. நீக்க உத்தரவு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அதனால், கூடுதல் சம்பளம் இல்லாமல் கொடுக்கப்படும் 'ஹெட்' என்ற பட்டத்தைக் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள். இன்னொன்று, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம். அது பொருந்தும் நிறுவனங்களில், 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு இந்த 480 மனப்பாடம். பண்பலையில் கேட்டால் பத்தில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். வருகைப் பதிவு, கதவு அட்டைப் பதிவு, ஒலிபரப்புப் பட்டியல் எல்லாம் நாள்கணக்குக்கு ஆதாரம்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் நமக்கு வேண்டியவை சில. ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தந்தாக வேண்டும். வேலையை விட்டாலும் நீக்கினாலும் நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. ஓராண்டு முடித்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், அதற்கு மேல் மறுபயிற்சி நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளம். ஒரு வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது பொதுவிதி. சீனியரின் சம்பளம் அதிகம் என்று அவரை முதலில் அனுப்பினால் அதற்கான காரணத்தை நிறுவனம் எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். செய்தித்தாள் ஊழியருக்கு 1955இலேயே தனிச் சட்டம் வந்தது. அதில் வானொலிக்கு இடமிருக்கவில்லை. இப்போது அந்த நான்கில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 'உழைக்கும் பத்திரிகையாளர்' என்பதற்கு விளக்கம் சொல்லும்போது வானொலியையும் சேர்த்திருக்கிறது. செய்தியே இல்லாத தனியார் பண்பலையில் அது யாருக்குப் பொருந்தும் என்பது வழக்குகளில்தான் தெளிவாகும்.

பணிக்கொடையை ஒரு கணக்கில் பாருங்கள். கணக்கில் வரும் மாத ஊதியம் ரூ.13,000 என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க, ஓர் ஆண்டுக்கு ரூ.7,500. ஆறு ஆண்டுக்கு ரூ.45,000. 'விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தவருக்கும் இது உண்டு. ஆட்குறைப்பு இழப்பீடுதான் போய்விடும். அந்த ஒற்றை வரியை எழுதி வாங்க நிறுவனங்கள் ஏன் இத்தனை அவசரப்படுகின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

அப்படி மிரட்டி வாங்கினால்? முதலில், அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குப் போய்ப் படிச்சிட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லுங்கள். அன்றே கையெழுத்திட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. போட்டுவிட்டீர்கள் என்றால் அன்றிரவே ஒரு மெயில் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு அழைத்தார்கள், அறையில் யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், கட்டாயத்தின் பேரில்தான் கையெழுத்திட்டேன், விலகலைத் திரும்பப் பெறுகிறேன். ஆறு வரி போதும். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் அதே வாக்குமூலத்துக்கு எடை குறைந்துவிடும். அந்தத் தம்பிக்கு நான் முதலில் செய்யச் சொன்னது இதைத்தான். இரவு பதினொன்று பத்துக்கு அனுப்பினார்.

நிறுவனம் கைமாறும்போது என்ன ஆகும் என்பது தனிக் கதை. தமிழ்நாட்டிலும் கேட்கப்படும் பிக் எஃப்.எம்., 58 நிலையங்களோடு 2023இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024இல் சபையர் மீடியாவின் மீட்புத் திட்டத்தைத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்றது. இந்தத் துறையில் இது கடைசிக் கைமாற்றமாக இருக்கப்போவதில்லை. சாதாரண விற்பனை என்றால், பழைய பணிக்காலம் அறுபடாமல், பழைய சலுகை குறையாமல் தொழிலாளியைப் புதிய முதலாளி ஏற்க வேண்டும். இல்லையென்றால் ஆட்குறைப்புக்கு உரிய இழப்பீடு தர வேண்டும். புதிய கம்பெனி நீட்டும் கடிதத்தில் 'புதிய நியமனம்' என்று இருக்கிறதா, 'பணித் தொடர்ச்சியுடன்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஏழு வருடப் பணிக்கொடை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. திவால் நடவடிக்கை என்றால் இன்னும் அவசரம். பத்திரிகையில் பொது அறிவிப்பு வந்ததும் நிலுவை கேட்டு 'படிவம் டி'யை உரிய அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். மீட்புத் திட்டம் ஏற்கப்பட்ட பிறகு, அதில் இடம்பெறாத பாக்கி அழிந்துவிடும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்காதவருக்கு ஒன்றும் கிடைக்காது. வைப்பு நிதியும் பணிக்கொடை நிதியும் மட்டும், கம்பெனி கலைக்கப்பட்டாலும் கடன்காரர்களின் பங்குக்குள் வராது.

ஆகாசவாணியின் நிலை வேறு. வேதனையில் அதிக வித்தியாசம் இல்லை. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் தொடங்கியது நாகர்கோவிலில். அப்படிப்பட்ட மரபைக் கையில் வைத்திருக்கும் நிலையங்களில் தினமும் ஒலிக்கும் குரல்களில் பல 'கேஷுவல் அறிவிப்பாளர்' குரல்கள். மாதம் ஆறு பணிக்கு மேல் கிடைக்காது. அந்த ஆறும் உத்தரவாதம் இல்லை. உள்ளூர் நிகழ்ச்சி குறைந்து சென்னை அஞ்சல் கூடினால் ஆறு மூன்றாகும். இருபது வருடம் பேசியவருக்கும் ஓய்வுக்காலப் பலன் என்று ஒன்று கிடையாது. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆகாசவாணி ஒரு 'தொழில்' என்று 1998இல் சந்தோஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தாலும் தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்க மறுக்க 2006இன் உமாதேவி தீர்ப்பையே அரசுத் துறைகள் கேடயமாகப் பிடித்து வந்தன. நிரந்தர வேலையைத் தற்காலிகப் பெயரில் பல்லாண்டு வாங்கிக்கொள்ள அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மாதத்துக்கு ஆறு நாள் பணியை வைத்து அந்தத் தீர்ப்பின் பலனைப் பெறுவது எளிதல்ல. ஆனால் ஆறு நாள் வரம்பு யார் வசதிக்காக வைக்கப்பட்டது என்ற கேள்வியை இப்போது வலுவாக எழுப்ப முடியும். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவதானால் பொதுவாக உத்தரவு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் தரப்படும் ஒப்பந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் போலந்தின் ஆஃப் ரேடியோ கிராகவ், அறிவிப்பாளர்களை நிறுத்திவிட்டுச் செயற்கை நுண்ணறிவுக் குரல்களைப் பேசவிட்டது. மக்கள் கொதித்ததும் ஒரு வாரத்தில் கைவிட்டது. நம் ஒப்பந்தங்களில் 'எல்லா வடிவத்திலும், எக்காலத்துக்கும்' குரலைப் பயன்படுத்தலாம் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். குரலை நகலெடுக்கவோ, கணினிக்குப் பயிற்சியளிக்கவோ எழுத்து மூலமான தனி அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுப்பதற்கு 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிரபலமான பாடகருக்கு உள்ள உரிமை உங்கள் குரலுக்கும் உண்டு என்று தனியாளாக வாதாடுவது கஷ்டம்.

அதனால்தான் சங்கம். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று 1918இல் சென்னைப் பெரம்பூரில், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகப் பிறந்தது. திரையுலகில் டப்பிங் கலைஞருக்குச் சங்கம் உண்டு. அதே குரல் பண்பலைக்கு வந்தால் சங்கம் இல்லை. நாங்கள் கலைஞர்கள், சங்கம் எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். பிபிசி உள்ளூர் வானொலி நிகழ்ச்சிகளைக் குறைத்து, பல ஊர்களுக்குப் பொதுவாக்க முனைந்தபோது, 2023இல் அங்குள்ள பத்திரிகையாளர் சங்கத்தினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் முழுதாக நிற்கவில்லை.  ஆனால் அது பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது.

இங்கே சங்கம் பதிய ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும். நிறுவனத்தின் தொழிலாளர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குறைதீர் குழு கட்டாயம். சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது முறையற்ற தொழிலாளர் நடைமுறை. கோபத்தில் மைக்கை அணைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்: புதிய சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம், பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்கவும் வேண்டாம். பெண்கள், தலித், பழங்குடியினர், தொழிலாளர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.

நேயர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வானலை பொதுச் சொத்து என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஊர்க் குரல் ஒருநாள் காணாமல் போனால் நிலையத்துக்குப் போன் போட்டு, அவர் எங்கே என்று கேளுங்கள்.

அந்தத் தம்பியின் மேல்முறையீட்டு மனு 27ஆம் நாள் பதிவானது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் கையிலும் அப்படி ஒரு தாள் இருந்தால், இன்று எத்தனையாவது நாள் என்று பாருங்கள்.